எல்லாக் கெட்டதும் ரவிக்கு

1

இந்த மாதங்களில், இங்கே காலை ஒன்பது மணி என்றால் மயிலாப்பூரில் விளக்கு வைக்கும் நேரம். டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில், ஒன்பதாவது மாடியில், சமையலறை மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட குர்தா. கீழே, மதியம் கிடங்கு வேலைக்குப் போக வேண்டிய முரட்டுக் கால்சட்டை. காமிராவுக்கு மேல்பாதி போதும். இந்த நாட்டில் என் மரியாதையெல்லாம் மேல்பாதியோடு முடிந்துவிடுகிறது.

திரையில் ஒவ்வொரு கட்டமாகச் சென்னை திறக்கும். தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் பயிற்சி நிலையத்தின் ஆன்லைன் வகுப்பு அது. வெளிநாடு போகத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் சொல்லிக்கொடுக்கிறேன். முறை எளிது. ஒரு சொல். அதன் பொருள். அதே பொருளில் வேறு மூன்று சொற்கள். கடைசியில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்பது நான் போட்ட விதி. சொந்த ரத்தம் பட்டால்தான் சொல் ஒட்டும் என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

முதல் வாரமே விதி உடைந்தது. 'டெஸ்டிட்யூட்' என்றேன். கையில் ஒன்றுமில்லாமல், போக்கிடமும் இல்லாமல் நிற்பவர். வசந்தா மாமியை வாக்கியம் சொல்லச் சொன்னேன். மாமி மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெரு. மகனோடு போய் இருக்க ஆஸ்திரேலியாவுக்குத் தயாராகிறவர். தனக்குப் பின்னால் எரிகிற விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"விளக்கேத்தியாச்சு. இந்த நேரத்துல எங்காத்தைப் பத்தி என் வாயால அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன்."

"வாக்கியம்தானே மாமி."

"வாக்கியமா இருந்தா என்ன? ரவின்னு எவனாவது ஒருத்தன் இருப்பான். அவனுக்குப் போட்டுடுங்கோ."

அன்றிலிருந்து ரவிக்குப் போட்டோம். எனக்கும் அவன் பழைய ஆள்தான். நான் படித்த பள்ளியிலும் வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால் ரவிதான் வருவான். அப்போது அவன் மாம்பழம் தின்றான், ராணியோடு பந்து விளையாடினான். எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்ததும் அவன் காலம் கெட்டுப்போனது. ரவி திவாலானான். ரவியின் வீட்டில் வெள்ளம் புகுந்தது. ரவியை அவன் மனைவியே கைவிட்டாள். நல்ல சொல் வந்தால் எல்லோரும் 'நான்' என்று ஆரம்பிப்பார்கள். 'நான் பூரிப்பாக இருக்கிறேன்' என்று மாமி ஆங்கிலத்தில் பூரிப்பார். கெட்ட சொல் வந்ததும் எல்லாக் கட்டங்களிலும் தலைகள் ஒருமுறை அசையும். ரவி அழைக்கப்படுவான்.

நொச்சிக்குப்பத்து நவீன்தான் ஒருநாள் கேட்டான். கப்பல் சமையலறை வேலைக்காகப் படிக்கிறவன். அவன் கட்டத்துக்குப் பின்னால் எப்போதும் யாராவது மீன் விலை கத்திக்கொண்டிருப்பார்கள்.

"மிஸ், ரவி இன்னும் உசுரோட கீறானா மிஸ்? டெய்லி ஒண்ணு குடுக்கறீங்கோ. அவனும் எவ்ளோதான் தாங்குவான்?"

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

2

நான் இங்கே வந்து இறங்கி இந்த மாதத்தோடு இருபது வருஷம். கொண்டாட ஆளில்லை. கணவர் நெடுந்தூர லாரியோடு ஏதோ ஒரு கோதுமை மாகாணத்தைக் கடந்துகொண்டிருந்தார். மகள் ஆதிரை வான்கூவரில். அன்று பார்த்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

அந்த நாளை நினைவு வைத்திருந்து அனுப்பியது இல்லை. புது வேலைக்கு ஏதோ பாதுகாப்புச் சோதனையாம். பிறந்ததிலிருந்து குடியிருந்த முகவரியெல்லாம் படிவத்தில் கேட்கிறார்களாம். 'ஏழு வயது வரைக்கும் நான் இருந்த இடத்தின் பெயர் என்ன? எழுத்துக்கூட்டி அனுப்பு.' அம்மா என்ற சொல்கூட இல்லை, அனுப்புகிறவள் அவசரத்தில் இருக்கிறாள்.

கோட்டூர்புரம். ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அந்த வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடி ஜன்னலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பறக்கும் ரயில் போகும்போதெல்லாம் முழுக்கையும் வெளியே நீட்டி டாட்டா காட்டியவள். மழை விட்ட மறுநாள் ஆற்று நாற்றம் படியேறி வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெரிம்மா, ஆறு குளிக்கவே இல்ல" என்று என் அக்காவிடம் புகார் சொன்னவள். அந்த வாய்க்கு இப்போது அந்த இடத்தின் எழுத்துகள் தேவைப்பட்டன. எழுத்துகள் மட்டும்.

3

அவளை அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் முதலில் கிளம்பியதற்குக் காரணம் ஒரு வாக்கியம். சி.ஐ.டி. நகரில் விசா ஆலோசனை நடத்திய ஒருவர், குளிரூட்டிய அறையில், பேனாவைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"ஆறே மாசம்மா. நீங்க போய் உக்காந்துட்டீங்கன்னா கொழந்தை பேப்பர் தானா நகரும்."

நகரவில்லை. இணையத்தில் எப்போது பார்த்தாலும் ஒரே வரி: பரிசீலனையில் உள்ளது. நான் சொற்களை நேசிக்கிறவள். ஒரு சொல்லை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, அதன் அண்ணன் தம்பிகளை விசாரித்து, வெயிலில் உலர்த்தி எடுத்து வைப்பவள். அந்த வரியை எப்படித் திருப்பினாலும் அதற்குப் பின்னால் ஒரு முகம் தென்படவில்லை. எழுதிய கை இல்லை, படித்த கண் இல்லை. மூன்றாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் இருக்கும் குழந்தையின் படம் பழையதாகிவிட்டதாம், முகம் மாறியிருக்கும், புதிய படம் அனுப்ப வேண்டுமாம். என் மகள் வளர்ந்துவிட்டாள் என்பதை அலுவலகம்தான் எனக்கு எழுத்துமூலம் தெரிவித்தது.

ஆறு மாதம் நாலு வருஷமாகி அவள் வந்தாள். விமான நிலையத்தில் ஒரு பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் மண்டியிட்டுக் கைகளை விரித்தேன். அவள் பணிப்பெண்ணுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு, என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, பாத்ரூம் எங்க இருக்கு?"

பள்ளியில் சேர்த்தபோது, வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், குழந்தை குழம்பாது என்றார்கள். பேசினோம். தமிழ் அவளிடமிருந்து சத்தமில்லாமல் கழன்றுபோனது, பால்பல்லாவது விழும்போது கையில் கிடைக்கும். அப்புறம் என் ஆங்கிலமும் அவளுக்கு ஆகாமல் போனது. "யாரும் அப்படிப் பேசறதில்லம்மா" என்பாள், ஆங்கிலத்தில். நான் தி.நகர் வகுப்பில் மனப்பாடம் செய்து கொண்டுவந்த ஆங்கிலம். துக்கம் என்பதற்கு ஒன்பது சொல் தெரியும் எனக்கு. இந்த ஊரிலோ 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் 'குட்' என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும்தான் வாங்கிக்கொள்வார்கள். மற்ற எட்டையும் எங்கே கொட்டுவது?

4

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சமூக நிலையம் ஒன்று எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் உண்டு. சம்பளம் வேண்டாம், சொல்லிக்கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண்மணி நான் பேசியதை முழுக்கக் கேட்டார். அவ்வளவு அன்பான முகம். "உங்கள் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றார். அப்புறம் இன்னும் அன்பாக, "எந்த நிலை வகுப்பில் சேர விரும்புகிறீர்கள்?" என்றார்.

ஆகவேதான் தி.நகர். பூமியின் இந்தப் பக்கம் மாணவி, அந்தப் பக்கம் மிஸ். பயிற்சி நிலையத்தை நடத்தும் பிரபாகர் என் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'கனடாவிலிருந்து நேரடியாக' என்று பேனர் வைத்திருக்கிறார். படத்திலும் மேல்பாதிதான்.

5

கௌசல்யா அடையாறில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வீடு கோடம்பாக்கம். அப்பா சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். டியூட்டி முடிந்து உடை மாற்றும் அறையிலிருந்தே வகுப்பில் உட்காருவாள். வார்டு பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால், பொருளைக் கேட்டுக்கொண்டே ஓடுவாள், இணைச்சொல்லுக்குத் திரும்பி வந்துவிடுவாள். விடுப்பு நாளில் வீட்டிலிருந்து வந்தால் மடியில் மகள் மித்ரா இருக்கும். நாலு வயது. அம்மாவின் வாயிலிருந்து சொல் விழ விழப் பொறுக்கித் திருப்பிச் சொல்லும்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு கௌசல்யாவின் கட்டம் மட்டும் நின்றது.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? தேர்வுல இல்ல, சும்மா."

"கேளும்மா."

"கனடாவுக்குத்தான் மிஸ் எனக்கும் பாத்திருக்காங்க. நான் முதல்ல போகணுமாம். பாப்பாவ எங்க வீட்டுக்காரர்கிட்டயும் மாமியார்கிட்டயும் விட்டுட்டு. ஏஜென்சில ஆறே மாசம்ங்கறாங்க, அப்பறம் பாப்பா பேப்பர் தானா நகந்துடுமாம். நீங்க அங்கயே இருக்கீங்க. நிஜமா மிஸ்?"

அதே 'ஆறே மாசம்'. அதே 'தானா'. இருபது வருஷத்தில் இந்த நகரம் மேம்பாலம் கட்டியது, மெட்ரோவுக்கு மண்ணைக் குடைந்தது, தி.நகரைத் தலைகீழாகத் தோண்டிப் போட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

வாயைத் திறந்தேன். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வகுப்பு முழுக்கப் பதிவாகும். பிரபாகர் ஒவ்வொரு பதிவையும் பார்க்கிறவர். மாணவர்களோடு தனியாக நம்பர் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதும் அவர் விதி.

"பாக்கலாம்மா, அடுத்த வகுப்புல பேசலாம்" என்றேன். அவள் முகம் வாடி, கட்டம் அணைந்தது.

அரைமணி நேரத்தில் பிரபாகர் கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், நல்லவேளை, ஒண்ணும் சொல்லாம விட்டீங்க. அந்த மாதிரி கேள்வியெல்லாம் நம்ம விசா கவுன்சிலர்கிட்ட தள்ளி விட்டுடுங்க. நெகடிவா ஒரு வார்த்த விழுந்துச்சுன்னா பேட்ச்சே கலைஞ்சுடும்."

"அந்தப் பொண்ணுக்கு நாலு வயசுல ஒரு குழந்தை இருக்கு சார்."

"எல்லாருக்கும் குழந்தை இருக்கு மேடம். நீங்க போகலையா? நல்லாத்தானே இருக்கீங்க? உங்க போட்டோவப் பாத்துதான் மேடம் சேர்றாங்க."

6

நேராகச் சொல்ல வழியில்லை என்றால் வேறு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டே யோசித்தேன். எனக்கு இருந்தது ஒரே ஆள்.

வெள்ளிக்கிழமை. மாமியின் விளக்கு எரிந்தது. நவீனின் பின்னால் வஞ்சிரம் விலை இறங்கிக்கொண்டிருந்தது. கௌசல்யா வீட்டில் இருந்தாள், மடியில் மித்ரா. பாடத்தில் இல்லாத ஒரு சொல்லை நானாகப் பலகையில் எழுதினேன்.

'எஸ்ட்ரேஞ்ட்.'

பொருள் சொன்னேன். ரத்த சொந்தமாக இருந்து, உயிரோடும் இருந்து, அந்நியமாகிப் போனவர்கள். சாவு இல்லை, சண்டைகூட வேண்டியதில்லை. இணைச்சொற்கள் மூன்றும் தந்தேன். எழுதிக்கொண்டார்கள்.

"வாக்கியம் நான் சொல்றேன்" என்றேன். "ரவி வெளிநாடு போனான்."

"போனானா! அப்பாடா, ரவிக்கு விசா கெடச்சிருச்சு!" என்றான் நவீன்.

"மூணு வயசு மகளை அக்காகிட்ட விட்டுட்டுப் போனான். ஆறே மாசத்துல கூட்டிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ஆறு மாசம் நாலு வருஷம் ஆச்சு. நடுவுல ரவி ஏதாவது செய்ய முடிஞ்சுதான்னா, ஒண்ணும் முடியல. பேப்பர் அவன் கையில இல்ல. ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவான். முதல் வருஷம் மக எப்ப வருவேன்னு கேட்டா. ரெண்டாவது வருஷம் என்ன வாங்கிட்டு வருவேன்னு கேட்டா. மூணாவது வருஷம், 'பேசிட்டியா, வெச்சுடவா'ன்னு கேட்டா. ஏர்போர்ட்ல வந்து எறங்கினப்போ மகளுக்கு அவனை அடையாளம் தெரியல. இன்னிக்கு மக பெரிய பொண்ணு. அவனோட சண்டை ஒண்ணுமில்ல. படிவத்துல எதாவது நிரப்பணும்னா செய்தி அனுப்புவா. ரவியும் அவன் மகளும் எஸ்ட்ரேஞ்ட்."

கட்டங்கள் அசையவில்லை. மீன் விலை மட்டும் கேட்டது.

"ஒரு சென்டென்ஸ் கேட்டா படமே ஓட்டிட்டீங்கோ மிஸ்" என்றான் நவீன். குரலில் சிரிப்பு இல்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை போன் இருக்கே..." என்று ஆரம்பித்த மாமி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெல்ல, "நல்லவேளை, ரவிக்குப் போட்டேள்" என்றார்.

கௌசல்யா பேனாவைக் கீழே வைத்திருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. மித்ராவை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"மிஸ்... இந்த ரவி ஆம்பளையா, பொம்பளையா?"

இருபது வருஷமாக இந்த நாட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பதில் நாக்கு நுனியில் நின்றது. சிவப்புப் புள்ளியும் நின்றது. பேனரில் இருக்கும் என் மேல்பாதி நினைவுக்கு வந்தது. 'எந்த நிலை வகுப்பில் சேர விரும்புகிறீர்கள்' என்ற அந்த அன்பான முகமும் வந்தது. இந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் என்னை மிஸ் என்று கூப்பிட உலகத்தில் யாரும் மிச்சமில்லை.

"ஆம்பளைதான்" என்றேன். "ரவின்னா வேற யாரு?"

அவள் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

"அப்பாடா. அதானே பாத்தேன் மிஸ். ஆம்பளைங்கன்னா அப்படித்தான், போன எடத்துல இருந்துடுவாங்க. பெத்தவ விடுவாளா? ஆபீஸ் வாசல்லயே போய்ப் படுத்து பேப்பர நகத்தியிருக்க மாட்டா?"

"கரெக்ட்டா சொன்னே போ!" என்றார் மாமி.

கௌசல்யா பேனாவை எடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டு, நான் சொன்னதையெல்லாம் வரி விடாமல் எழுத ஆரம்பித்தாள்.

7

அதற்கப்புறம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிரபாகர் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'கதை சொல்லிப் புரியவைத்தது சூப்பர் மேடம். இதைக் கட் செய்து விளம்பரத்துக்குப் போடலாமா?'

வேண்டாம் என்று எழுதினேன். போட்டுவிட்டார்.

8

தேர்வு முடிவு வந்த அன்று கௌசல்யா வகுப்புக்கு ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக நீட்டினாள். நவீன் எட்டி எடுப்பதுபோல் கையை நீட்டி, வாயில் போட்டு, மென்று காட்டினான்.

"வேண்டியதுக்கு மேலயே மார்க் மிஸ்! பேச்சுத் தேர்வுலதான் மிஸ் அள்ளிக் குடுத்துட்டாங்க. ஒரு கேள்விக் கார்டு குடுத்தாங்களா, உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எடுத்த முடிவு, அதனால என்ன ஆச்சுன்னு பேசணும்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம் கை கால் ஓடல. எனக்கு யாரைத் தெரியும்? ரவியைத்தான் தெரியும்!"

"ஐயோ! ரவியவா சொன்னே?" என்றான் நவீன்.

"மடமடன்னு சொல்லிட்டேண்டா. ஞாயித்துக்கிழமை போனு, பேப்பரு, ஏர்போர்ட்டு, எல்லாம்."

"எஸ்ட்ரேஞ்ட் போட்டியோ?" என்றார் மாமி.

"கடைசில போட்டேன் மாமி. அதுக்கு முன்னாடி நானா ஒண்ணு சேத்துக்கிட்டேன். ஏர்போர்ட்ல அந்தப் பொண்ணு அப்பாவப் பாத்து 'அங்கிள்'னு கூப்பிட்டுச்சுன்னு சொன்னேன். சும்மா தோணுச்சு. அந்த எக்ஸாமினர் அம்மா ஒரு நிமிஷம் எழுதறத நிறுத்திட்டாங்க."

நான் அவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அடையாளம் தெரியவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

"ரவிக்கு ஒரு செலை வெக்கணும் மிஸ். பாண்டி பஜார்ல" என்றான் நவீன்.

"அடுத்த மாசம் கெளம்பறேன் மிஸ். டிக்கெட் போட்டாச்சு. ஆறே மாசந்தானே, கண்ண மூடித் தொறந்தா ஓடிடும்." கௌசல்யா மித்ராவைத் தூக்கித் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, வாயோரத்தில் லட்டு. "பாப்பா, அம்மா பாஸானதுக்கு யாரு காரணம்? ரவி அங்கிள். தேங்க்ஸ் சொல்லு."

மித்ரா ஒவ்வொரு கட்டமாகத் தேடியது. மாமியைப் பார்த்தது, நவீனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தாண்டிப் போனது.

"எங்கம்மா அவரு?"

"உள்ளதான் இருக்காரு. சொல்லு."

குழந்தை முகத்தை அருகே கொண்டுவந்தது. என் சமையலறை மேசைமேல், திரை முழுக்க, இரண்டு கண்கள்.

"தேங்க் யூ, ரவி அங்கிள்."

எல்லோரும் கைதட்டினார்கள். மாமியின் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நல்ல நேரம். குழந்தை பதிலுக்காகக் காத்திருந்தது. வேறு யாரும் வாய் திறக்காததால் நானே சொன்னேன்.

"வெல்கம்."